மணலில் பிறந்த நீலம்
கடல் கொண்டுவந்த கலங்கள் – தொடர் 9

சென்ற இதழில் அல்லைப்பிட்டிக் கரையில் நின்றோம். 1977 இல் அங்கே தற்செயலாக மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட சீனக் கலத்துண்டுகளைப் பார்த்தோம். 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகமும் இலங்கை மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து நடத்திய அகழ்வில் கிடைத்த அறுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளையும் பார்த்தோம். அவை 11 ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் உரியவை. தொள்ளாயிரம் ஆண்டுகள் உவர் மண்ணில் புதைந்து கிடந்தும் அவற்றின் மேற்பரப்பு மங்கவில்லை. தண்ணீர் விட்டுத் துடைத்தால் அப்படியே மினுங்குகிறது.

அந்த மினுக்கத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கல்லையும் மணலையும் உருக்கிப் பொருளின்மேல் கண்ணாடியாகப் போர்த்தும் வித்தை அது. அதைக் கட்டடத்தின் சுவரிலேயே பதித்துக் காட்டியவர்களில் முந்தியவர்கள் பழைய எகிப்தியர். ஆகவே இந்த இதழில் நைல் நதிக்கரைக்குப் போய்விட்டு மீண்டும் நம் கரைக்கு வருவோம்.

நம் ஊரான பண்டத்தரிப்பில் இருந்துகொண்டு எகிப்தை ஏன் பேசவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ஊரின் அமைவிடத்தைச் சற்றுப் பாருங்கள். வடக்கே மாதகல் கடல். அந்தக் கரையில் உள்ள சம்பில்துறையைத்தான் மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளப் பட்டினம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். வெள்ளரசுக் கிளையோடு சங்கமித்தை வந்திறங்கியது அந்தத் துறையில் என்பது மரபு. தென்கிழக்கே கந்தரோடை. தெற்கே நீரைக் கடந்தால் பராக்கிரமபாகு மன்னனின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு பேசும் ஊராத்துறை, அதாவது ஊர்காவற்றுறை. அதே தீவின் கிழக்கு முனையில் அல்லைப்பிட்டி. கடல் வாணிபத்தின் தடங்கள் பண்டத்தரிப்பைச் சுற்றி வளையமாகக் கிடக்கின்றன.

கந்தரோடையில் முதன்முதலாக முறையாக ஆய்வு செய்த போல் ஈ. பீரிஸ், 1917 இலும் 1919 இலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளில் செப்பாலான சிறு கோல்களைப் பற்றிச் சொல்கிறார். கண்ணுக்கு மை தீட்டும் கோல்கள் அவை. எகிப்தியப் பெண்கள் கி.மு. 2000 அளவில் பயன்படுத்திய கோல்களை அவை பெரிதும் ஒத்திருக்கின்றன என்பது அவர் கருத்து. ஒத்திருப்பதை வைத்து அவை எகிப்திலிருந்தே வந்தவை என்று நான் சொல்லமாட்டேன்; கந்தரோடைப் பொருட்கள் அந்தக் காலத்துக்கு மிகவும் பிந்தியவை. ஆனால் செங்கடற் கரையில் நம்மவர் நின்றதற்கு எழுத்திலேயே சான்று இருக்கிறது. எகிப்தின் குசேர் அல்-கதீம் துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பானைத் துண்டுகள் கிடைத்துள்ளன. அதற்குத் தெற்கே உள்ள பெரெனிகேயில் இந்தியத் தாழி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இந்தப் போக்குவரத்து நடந்த காலத்தில் நான் சொல்லப்போகும் நீல ஓடுகளின் கலை ஏற்கெனவே இரண்டரை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையதாய் இருந்தது.

கி.மு. 2650 அளவில் எகிப்தை ஆண்ட மூன்றாம் வம்சத்து அரசன் ஜோசர். அவனுக்காக சக்காராவில் எழுந்த படிப் பிரமிட்டே எகிப்தியர் கட்டிய முதற் பிரமிட்டு. அதை அமைத்தவர் இம்ஹோதெப் என்பது மரபு. வெளியே எழுந்து நிற்கும் ஆறு படிகளைப் பார்க்கத்தான் உல்லாசப் பயணிகள் போகிறார்கள். எனக்கு அந்தப் பிரமிட்டின் உயிர் நிலத்துக்கு அடியில் இருப்பதாகவே படுகிறது. பாறையைக் குடைந்து இறக்கிய சுரங்கங்களில், வெளிச்சமே எட்டாத அறைகளின் சுவர்களை நீலப்பச்சை ஓடுகளால் மூடினார்கள். பிரமிட்டின் அடியிலும், அதே வளாகத்தின் தெற்குக் கல்லறையிலுமாக ஏறத்தாழ 36,000 ஓடுகள் பதிக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

ஒவ்வொரு ஓடும் சிறியது. ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர் நீளம், நாலு சென்ரிமீற்றர் அகலம். முகம் சற்றே குவிந்திருக்கும். பின்புறத்தில் நீள்சதுரமாக ஒரு புடைப்பு, அதில் ஒரு துளை. சுண்ணாம்புக்கல் சுவரில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, ஓடுகளின் துளைகளில் கயிறு கோத்து, சாந்து வைத்து இறுக்கினார்கள். சாந்து மட்டும் இருந்து அது பழுதானால் ஓடு கழன்று விழும். கயிறும் சேர்ந்தால் வரிசை முழுவதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாலாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய கொத்தனின் முன்யோசனை அது.

இந்த வரிசைகள் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஓடாகத் தெரியா. நாணல் தண்டுகளை நெருக்கி முடைந்த பாய்த் திரையாகவே தெரியும். எகிப்தின் பழைய அரண்மனைகள் மரத்தாலும் நாணலாலும் ஆனவை. சுவரில் வண்ணப் பாய் தொங்கும். அரசன் இறந்தபின் அவன் வாழப்போகும் அரண்மனையும் அதே வடிவில் இருக்கவேண்டும், ஆனால் உக்கிப் போகக்கூடாது. அதனால் பாயைக் கல்லிலும் மெருகோட்டிலும் செய்தார்கள். நாணல் முளைக்கும் சதுப்பின் பச்சையும் ஆற்றுநீரின் நீலமும் கலந்த அந்த நிறம் அவர்களுக்கு மறுபிறப்பின் நிறம். ஓட்டு வரிசைகளின் நடுவே பொய்வாசல்கள் இருக்கின்றன. பிரமிட்டின் அடியில் மூன்று, தெற்குக் கல்லறையில் மூன்று. அவற்றில் செட் விழாவில் ஓடும் ஜோசரின் உருவம் முதலிய புடைப்புச் சிற்பங்கள். ஆட்சி புதுப்பிக்கப்படுவதற்காக அரசன் ஓடும் ஓட்டம் அது.

1843 இல் இங்கு வந்த ஜெர்மானிய ஆய்வாளர் லெப்சியுஸ் ஓடு பதித்த வாசல் ஒன்றைக் கழற்றி பேர்லினுக்கு எடுத்துச் சென்றார். தெற்குக் கல்லறையை 1920களின் பிற்பகுதியில் செசில் ஃபெர்த் கண்டுபிடித்தார். ஷோன்-பிலிப் லோவெர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தம் நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியையும் இந்த வளாகத்தை மீட்டெடுப்பதிலேயே செலவிட்டார். 2020 இல் பிரமிட்டும் 2021 இல் தெற்குக் கல்லறையும் திருத்தப்பட்டு மக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. இப்போது யாரும் இறங்கிப் பார்க்கலாம்.

இனி இந்த ஓடு எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்ப்போம். நம்மில் பலர் இதைக் களிமண் ஓட்டின்மேல் வர்ணம் பூசியதாக நினைப்போம். இதில் களிமண் இல்லை. படிகக்கல்லை அல்லது வெண்மணலை மாவாக இடித்து, கொஞ்சம் சுண்ணாம்பும், நேட்ரான் என்ற பாலைவன உப்பு அல்லது உவர்நிலச் செடியின் சாம்பலும், நிறத்துக்குச் செம்புத் துகளும் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தார்கள். தொல்லியலாளர் இதற்கு ஃபயன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மாவு களிமண்போலக் கைக்கு இணங்காது, வளைத்தால் வெடிக்கும். ஆகவே கையால் உருட்டியும் அச்சில் அழுத்தியும் வேலையை முடித்துக் காயவைப்பார்கள்.

காயும்போதுதான் அதிசயம் நடக்கிறது. கடலோரத்து வீடுகளில் மழை விட்டபின் சுவரில் உப்புப் பூப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஈரம் வெளியேறும்போது உள்ளே கரைந்திருந்த உப்பையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து வெள்ளையாய்ப் படியவிட்டுப் போகும். அதே விதிப்படி ஓட்டுக்குள் இருந்த உப்பும் செம்பும் மேற்பரப்புக்கு வந்து படியும். பிறகு 800 முதல் 1000 பாகை செல்சியசு வரையான சூட்டில் சுட்டால், அந்தப் படிவு மணலோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். பூச்சைத் தனியே பூசவேண்டியதில்லை. பொருள் தன் பூச்சைத் தானே வெளியே கொண்டுவருகிறது. செம்பு, உப்புக்காரம் கலந்த கண்ணாடியில் கரைந்தால் வரும் நிறமே அந்த நீலப்பச்சை.

இதைத் தவிர இன்னும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பூச்சுக் குழம்பைக் கரைத்துப் பொருளின்மேல் பூசிச் சுடுவது. மற்றது, உருவை உப்பும் செம்பும் கலந்த பொடிக்குள் முழுதாகப் புதைத்துச் சுடுவது. இந்தப் பின்னைய முறை ஈரானின் கோம் நகரில் 1960களிலும் உயிரோடிருந்தது. கழுதைகளுக்குக் கண்ணேறு படாமல் கட்டும் நீல மணிகளை அங்கே அப்படியே செய்து வந்தார்கள்.

ஜோசருக்குப் பின் இந்தக் கலை மணி, தாயத்து, சிறு சிலை என்று எங்கும் பரவினாலும், சுவர் ஓடு மறுபடியும் உச்சம் தொட்டது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான். கி.மு. 14 ஆம் நூற்றாண்டில் அக்கெனாத்தன் பழைய தெய்வங்களை விலக்கி, ஞாயிற்று வட்டத்தை மட்டும் வணங்கி, வெறுநிலத்தில் ஒரு தலைநகரை எழுப்பினான். இன்று அந்த இடம் அமர்னா. 1891-92 இல் ஃபிளின்டர்ஸ் பீட்ரி அங்கே அகழ்ந்தபோது அவருக்குக் கீழே வேலை பழகிய பதினேழு வயது இளைஞன் ஹோவர்ட் கார்ட்டர். முப்பது ஆண்டுகளின் பின் தூத்தங்காமுனின் கல்லறையைத் திறந்த அதே கார்ட்டர். அமர்னாவில் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. திராட்சைக் குலை, தாமரை, பேரீச்சங்காய், பறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு.

அமர்னா ஓடுகள்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. அதற்குள் நிறங்கள் பெருகிவிட்டன. கோபால்ட்டு தந்த ஆழ்நீலம், ஈயமும் அஞ்சனக்கல்லும் தந்த மஞ்சள், மங்கனீசு தந்த ஊதாவும் கருமையும். பச்சை ஓட்டில் குழி விட்டு, அதில் வெள்ளைச் சாமந்தி போன்ற பூக்களைத் தனியே செய்து பதித்தார்கள். நாணற் புதருக்குள் கன்று துள்ளி ஓடுகிறது. தாவரம் காற்றில் சாய்கிறது. அரசனின் வெற்றியும் இல்லை, எதிரியின் தலையும் இல்லை. ஒரு வயல்வெளியின் காலைநேரத்தை அரண்மனைச் சுவருக்குள் கொண்டுவந்த கைகள் அவை.

அடுத்த நூற்றாண்டில் அந்த மென்மை போய்விட்டது. நைல் வடிநிலத்தில் இரண்டாம் ராம்சேசு தன் பெயரில் எழுப்பிய தலைநகரின் அரண்மனை ஓடுகள் காந்தீர் என்ற ஊரில் கிடைத்தன. சிங்காசன மேடையிலும் அதற்கு ஏறும் படிகளிலும் கட்டுண்ட கைதிகளின் உருவங்கள். அரசன் ஏறும்போதெல்லாம் அவர்களை மிதித்து ஏறவேண்டும் என்பதே ஏற்பாடு. கி.மு. 12 ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராம்சேசு மெதினெத் ஹபுவில் தன் ஆலயத்தை ஒட்டிய அரண்மனையின் வாசல்களில் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்வித்தான். ஏறத்தாழ ஒரு சாண் உயர ஓடுகளில் லிபியர், நூபியர், சிரியர், இத்தியர், கடலோடிகளான பெலிஸ்தர் என்று ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் உடையோடும் முடியலங்காரத்தோடும் கட்டுண்டு நிற்கிறார்கள். லிபியனின் உடலில் பச்சை குத்திய கோலம்வரை தெரிகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு அந்த மக்கள் எப்படி இருந்தார்கள், என்ன உடுத்தார்கள் என்பதற்கு இவற்றுக்கு நிகரான வண்ணச் சான்று அரிது. கைத்திறத்தில் இவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் அந்தத் திறம் மனிதனை அவமதிப்பதற்குச் செலவிடப்பட்டது என்பதை மறந்துவிட்டு இவற்றை வெறும் அழகென்று மெச்ச என்னால் முடியவில்லை.

1870களில் தெல் எல்-யகுதியாவில் இதே அரசனின் கட்டடத்திலிருந்து பூவட்ட ஓடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்து, அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் பிரிந்துபோயின. மெதினெத் ஹபு ஓடுகளில் ஒரு பகுதி கெய்ரோவிலும் ஒரு பகுதி அமெரிக்காவின் பொஸ்ரனிலும் இருக்கின்றன. காந்தீர் ஓடுகளில் ஒரு பகுதி நியூயோர்க்கில் இருக்கிறது. எந்தச் சுவரில் எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் எந்த ஓடு இருந்தது என்ற விபரம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இந்த இழப்பை மனதில் வைத்திருங்கள். நம் ஊருக்கு வரும்போது இதைப் பற்றி மறுபடி சொல்வேன்.

எகிப்தியர் கண்ட பூச்சு களிமண்ணில் ஒட்டாது. சூடு ஆறும்போது மண்ணும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காததால் பூச்சு வெடித்து உதிரும். களிமண்ணுக்கு இணங்கும் பூச்சைக் கி.மு. 1500 அளவில் மெசப்பத்தேமியாவும் அதன் அயலும் கண்டன. அதன்பின் கலை மளமளவென்று நகர்ந்தது. கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் நெபுகத்நேசர் பாபிலோனில் எழுப்பிய இஷ்தார் வாசலின் நீலச் செங்கற்களும், பாரசீகப் பேரரசன் தாரியஸ் சூசாவில் செய்வித்த வில்வீரர் வரிசையும் இந்த வழியில் வந்தவை. பாரசீகத்தில் அந்த நீலப்பச்சை அணையவில்லை. பார்த்தியர், சாசானியர் காலங்களைத் தாண்டி, இஸ்லாமிய ஆட்சியில் வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து பெரிய பெரிய நீலப்பச்சைத் தாழிகளாகக் கடலேறியது.

அந்தத் தாழிகள் வந்திறங்கிய இடங்களில் ஒன்று மாந்தை. திருக்கேதீச்சரத்தின் அருகே, பழைய மாதோட்டத்தில், 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. போர்ச் சூழலால் வேலை நின்றது. அறிக்கை வெளிவர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே வளைகுடாவின் நீலப்பச்சைத் துண்டுகளோடு சீனத்தின் சாங்ஷாக் கிண்ணங்களும் யூவே பச்சைக் கலங்களும் சேர்ந்து கிடைத்தன. கிழக்கே சீனத்து ஃபுஜோ நகரில் கி.பி. 930 இல் அடக்கமான லியூ ஹுவா என்ற அரசகுலப் பெண்ணின் கல்லறையில் மூன்று நீலப்பச்சைத் தாழிகள் இருந்தன. வளைகுடாவில் சுட்ட தாழி சீனக் கல்லறைவரை போயிருக்கிறது என்றால் அது நம் கடலைக் கடந்தே போயிருக்கவேண்டும்.

இந்த இதழில் நான் சொல்லவந்த முக்கியமான செய்தி இதுதான். சீனரின் பூச்சும் எகிப்தியர் வழிவந்த பூச்சும் உறவினர் அல்லர். எகிப்திய மரபு உப்புக்காரத்தால் உருகுவது. ஆயிரம் பாகைக்குள் அடங்கும் தீ அதற்குப் போதும். சீன மரபு மரச்சாம்பலையும் சுண்ணாம்பையும் கொண்டு, ஆயிரத்து இருநூறு பாகையையும் தாண்டும் தீயில் மண்ணையே கல்லாக இறுக்குவது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே பிறந்தவை. அவை சந்தித்த கரைகளில் ஒன்று நம் வடகரை. மாந்தை அகழ்வில் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. அல்லைப்பிட்டியின் சீனத் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு நம் வரலாற்றைக் கிழக்கோடு மட்டும் கட்டிவிடக்கூடாது.

நம் குயவர் ஏன் பூச்சுக் கலம் செய்யவில்லை என்ற கேள்வி எழலாம். பொருள் இல்லாமலா? அம்பனிலும் வல்லிபுரத்திலும் கண்ணாடி செய்யத்தக்க வெண்மணல் குவிந்து கிடக்கிறது. உவர்நிலத்தில் உமிரி முளைக்கிறது. அதன் சாம்பலில் காரம் உண்டு. சுண்ணாம்புக்கல்லின்மேல்தான் வலிகாமமே இருக்கிறது. எனக்குத் தோன்றும் விடை எளியது. இந்த வெக்கையில் பூச்சில்லாத மண்பானைதான் தண்ணீரைக் குளிரவைக்கும். அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வரும் குளிர்ச்சி பூச்சுக் கலத்தில் வராது. நம் குயவர் நம் தேவையை அறிந்து சுட்டார்கள். மினுக்கம் வேண்டியவர் கடல்வழி வந்ததை வாங்கினார்கள். கந்தரோடையில் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் அகழ்ந்து ஆராய்ந்த மட்பாண்டங்களில் உருளிப் பொறிப்புக் கலங்களின் வழவழப்பைப் பார்த்தவர்கள், நுண்மண் கரைசலாலேயே எவ்வளவு அழகு கூட்டலாம் என்பதை அறிவார்கள்.

சுவரில் ஓடு பதிக்கும் பழக்கம் வளர்ந்த இன்னொரு நாட்டாரான போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் பண்டத்தரிப்புக்கே வந்து தேவாலயம் கட்டினார்கள். போர்த்துக்கேயரின் நீல ஓடுகளுக்கும் ஒல்லாந்தரின் டெல்ஃப்ட் ஓடுகளுக்கும் அரபு வளைகுடாவோடு இருக்கும் உறவை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அதற்குமுன் ஒரு வேண்டுகோள். மீள்குடியேறிய ஊர்களில் நாள்தோறும் கிணறும் மலசலகூடக் குழியும் அத்திவாரமும் வெட்டப்படுகின்றன. மாதகல், சில்லாலை, பண்டத்தரிப்பு, கந்தரோடைப் பக்கங்களில் வெட்டும்போது நீலமாகவோ பச்சையாகவோ மினுங்கும் ஒரு துண்டு கண்ணில் பட்டால் அதைக் குப்பையோடு எறிந்துவிடாதீர்கள். வீட்டு அலுமாரியில் அழகுக்கு வைக்கவும் வேண்டாம். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்பதை அன்றே எழுதிவையுங்கள். முடிந்தால் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும் அதையே கேட்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆசிரியர்களிடமும் சொல்லலாம். மெதினெத் ஹபுவில் ஓடு மிஞ்சியது, அது நின்ற இடம் தொலைந்தது. நம் காணிகளில் கிடைக்கும் துண்டுக்கு அது நேரவேண்டாம்.